ஒரு நூல் அமுங்கினால் குடி முழுகிவிடுமா?

சென்ற இதழில் இன்ஜின் மவுண்டிங் பற்றி வந்த கட்டுரையைப் படித்தவர்களுக்கு ஒரு செய்தி தெளிவாகப் போய்ச் சேர்ந்திருக்கும்: பழைய காருக்கு வேறு இன்ஜின் ஏற்றும்போது ரப்பர் வைக்கிறவன் விவரம் கெட்டவன். அப்படிப் பார்த்தால் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக ரப்பர் வைத்தே கார் விற்றுவரும் கம்பெனிகள் அத்தனையும் விவரம் கெட்டவை என்றாகிறது. கட்டுரையாளர் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கே சிரிப்பு வந்திருக்கும்.

நானும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பேன். ஆனால் அவர் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருப்பது எங்கள் ஊர் வண்டியை. பாகூர் கொம்யூன் குருவிநத்தத்தில் ஒரு மார்க் 3 அம்பாசடர் இருக்கிறதாம். அதன் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு இசுசு 2 லிட்டர் டீசலை ஏற்றியிருக்கிறார்களாம். ரப்பருக்குப் பதிலாக லேத்தில் கடைந்த நைலான் கட்டையாம். இன்ஜின் ஒரு நூல்கூட அமுங்காமல் நிற்கிறதாம். எனவே நைலானை விஞ்ச எதுவும் இல்லையாம். வண்டி இருப்பது உண்மை. நைலானும் உண்மை. அதன் சொந்தக்காரர் எனக்கு மாமா முறை. கட்டுரையாளர் அந்த வண்டியை நிறுத்தி வைத்த நிலையில் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். நாங்கள் அதில் ஏறிப் போகிறவர்கள்.

முதலில் அந்த 'ஒரு நூலை' எடுத்துக்கொள்வோம். அவருடைய வாதத்தின் முதுகெலும்பே அதுதான். பட்டறைக் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம். ஒரு நூல் 3.2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இன்ஜின் ஏறி உட்கார்ந்ததும் மவுண்டிங் இவ்வளவு அமுங்கினால் அது பலவீனம் என்கிறார். அவ்வளவு அமுங்க வேண்டும் என்பதற்காகத்தான் மவுண்டிங் என்ற சாமானையே வைக்கிறார்கள் என்பது அவர் காதுக்கு எட்டவில்லை.

கணக்கு பத்தாம் வகுப்புப் பையன் போடக்கூடியதுதான். நாலு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் இன்ஜின்; ஐடிலிங்கில் நிமிஷத்துக்கு 750 சுற்று. அதாவது நொடிக்கு 12.5 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. ஆக, நொடிக்கு 25 உதை. இந்த உதையைத் தாங்கும் பொருள் எதுவாக இருந்தாலும் அதற்கென்று ஓர் இயற்கை ஆட்ட வேகம் உண்டு. அந்த வேகம் எவ்வளவு என்பதை, இன்ஜின் எடையில் மவுண்டிங் எவ்வளவு அமுங்குகிறது என்பதிலிருந்தே சொல்லிவிடலாம்: அமுங்கிய அளவை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 15.8ஐ வகுத்தால் போதும். ஒரு நூல் அமுங்கினால் நொடிக்கு ஏறக்குறைய 9 ஆட்டம். ஓடும்போது ரப்பர் கொஞ்சம் விறைக்கும் என்பதால் 10 என்று தாராளமாக வைத்துக்கொள்ளலாம். உதை 25, மவுண்டிங்கின் ஆட்டம் 10. இந்த இடைவெளி இருந்தால் இன்ஜினின் உதறலில் ஐந்தில் ஒரு பங்குதான் பாடிக்குப் போகும். மீதியை ரப்பர் விழுங்கிவிடும்.

இப்போது அவர் பரிந்துரைப்படி கெட்டியான பொருளுக்கு வருவோம். அமுக்கம் 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மவுண்டிங் எதையும் விழுங்காது. வாங்கியதைவிடக் கூடுதலாகவே பாடிக்குக் கடத்தும். 0.4 மில்லிமீட்டர் அமுங்கும் பியூ (பாலியூரித்தேன்) மவுண்டிங் ஒன்றைப் போடுகிறோம் என்று வையுங்கள். வகுத்துப் பாருங்கள்: நொடிக்கு 25. இன்ஜினின் உதையும் 25, மவுண்டிங்கின் ஆட்டமும் 25. ஊஞ்சலில் இருப்பவரை அது திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும் சரியாகத் தள்ளினால் என்ன ஆகுமோ அது அந்தக் காருக்கு ஆகும். காசு கொடுத்து, வெளியூரிலிருந்து வரவழைத்து, ரப்பரைவிட மோசமான ஒன்றை மட்டுமல்ல, வெறும் இரும்பைவிட மோசமான ஒன்றை மாட்டிக்கொள்ள முடியும். இதைத்தான் அவர் முன்னேற்றம் என்கிறார்.

மேலும் கீழுமாக ஆடுவதற்குப் போட்ட கணக்கு இது. இன்ஜின் தன் நீளவாட்டில் உருண்டு ஆடுவதுதான் ஐடிலிங்கில் பெரிய தொல்லை. அதற்கும் விதி இதுவேதான். நைலானுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. அதன் விறைப்பு மவுண்டிங் ரப்பரைப்போல் பல நூறு மடங்கு. நைலான் கட்டை வைப்பதும் இரும்புத் துண்டு வைப்பதும் காரின் உடம்புக்கு ஒன்றுதான். வெள்ளையாக இருக்கும், அவ்வளவே.

சாட்சியை விசாரிப்போம். மாமாவின் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால், நடுக் கண்ணாடியில் பின்னால் நிற்கும் ஆளின் முகம் தெரியாது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கலங்கல் தெரியும். டேஷ்போர்டு அறைப் பெட்டியின் மூடி தானாகத் திறந்துகொள்ளும். அதைச் சணல் போட்டுக் கட்டியிருக்கிறார். இவை கஷ்டங்கள்தான், ஆபத்தில்லை என்று கட்டுரையாளர் சொல்லலாம்; சொல்லியும் இருக்கிறார், பழைய வண்டி என்றால் அதிரத்தான் செய்யும் என்று. சரி, பானட்டைத் தூக்குவோம். சைலன்சர் மேனிஃபோல்டின் ஸ்டட்டுகளில் ஒன்று முறிந்து, மீதி மரை மட்டும் உள்ளே நிற்கிறது. ரேடியேட்டர் மேல்தொட்டியின் ஓரத்தில் ஈயம் பற்றவைத்த தடம், அதன்மேல் மறுபடி பற்றவைத்த தடம். இடப்பக்க நைலான் கட்டையின் போல்ட் துளை வட்டமாக இல்லை. முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. முடுக்கி வைத்த போல்டுக்கு அடியில் நைலான் மெல்ல மெல்லத் தளர்ந்து கொடுக்கும் குணமுடையது, ஈரத்தையும் உறிஞ்சும், கடற்காற்று வீசும் எங்கள் பக்கத்தில் அதற்குத் தீனிக்குப் பஞ்சமில்லை. கட்டை தளர்ந்தால் போல்ட் ஆடும். போல்ட் ஆடினால் துளை பெருக்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது கீழே இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால், வெல்டு வைத்த பிராக்கெட்டின் ஓரத்தில், வெல்டு முடிந்து தகடு தொடங்கும் இடத்தில், தலைமுடி கனத்துக்கு ஒரு செம்பழுப்புக் கோடு. அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். நகம் அதில் மாட்டியது. கீறல். உள்ளே துரு ஏறியிருக்கிறது என்றால் கீறல் விழுந்து நாளாகிவிட்டது. "வண்டி இன்னாத்துக்குப்பா இப்புடி உதறுது, இன்ஜின் நல்லாத்தான கீது" என்று மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். இன்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது மாமா. அதை உங்கள் வண்டியோடு சேர்த்துத் தைத்த விதம்தான் சரியில்லை.

இங்கே ஒன்றைக் கட்டுரையாளர் கவனித்திருக்க வேண்டும். அம்பாசடருக்கு லாரிபோலவோ பழைய ஜீப் போலவோ தனிச் சட்டம் கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த உடம்பு, பாடியேதான் சேஸிஸ். தகடுகளை மடித்து, ஸ்பாட் வெல்டு போட்டுச் சேர்த்த பெட்டி. நொடிக்கு 25 உதை என்றால் மணிக்கு 90,000. அதுவும் வெறும் ஐடிலிங்கில். மழை பெய்து துருவேறிய, ஐம்பது வயதை நெருங்கும் தகட்டில் அத்தனை உதையையும் நேராக இறக்கிவிட்டு, "உறுதியாக நிற்கிறது" என்று பெருமைப்படுகிறார். நிற்பது இன்ஜின். போய்க்கொண்டிருப்பது கார்.

அவருடைய வாதங்களில் எனக்குப் பிடித்தது பம்பு செட் வாதம். பாகூர் வயல்களில் டீசல் பம்பு இன்ஜினைச் சிமெண்டுத் தளத்தில் நேராகப் போல்ட் போட்டு முடுக்குகிறோமே, ரப்பரா வைக்கிறோம், அது எத்தனை வருஷம் ஓடுகிறது என்று கேட்கிறார். ஆம் ஐயா, ஓடுகிறது. ஏன் ஓடுகிறது? அந்தத் தளம் இன்ஜினைவிடப் பல மடங்கு எடை. அடியில் பூமி இருக்கிறது. அதிர்வு மண்ணுக்குள் போய்ச் சாகிறது. அந்தத் தளத்தின்மேல் யாரும் குடும்பத்தோடு உட்கார்ந்து கன்னியக்கோயில் வரை போவதில்லை. அம்பாசடருக்கு அடியில் நாலு டயரும் காற்றும் இருக்கின்றன. அடுத்த கட்டுரையில் அவர் காருக்கும் சிமெண்டு போடச் சொன்னால் வாசகர்கள் ஆச்சரியப்பட வேண்டாம்.

ரப்பர் என்பது கம்பெனிகளின் கஞ்சத்தனம் என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறார். சரித்திரம் நேர் எதிர். ஃபோர்டின் மாடல் டி காலத்தில் இன்ஜினைச் சட்டத்தோடு இறுக்கித்தான் வைத்தார்கள். பல் கிட்டித்துக்கொண்டு ஓட்டினார்கள். 1931இல் கிரைஸ்லர் கம்பெனி தன் பிளிமத் காரில் நாலு சிலிண்டர் இன்ஜினை ரப்பரின்மேல் மிதக்கவிட்டது. 'ஃப்ளோட்டிங் பவர்' என்று விளம்பரம். நாலு சிலிண்டர் வண்டிக்கு எட்டு சிலிண்டரின் அமைதி கிடைக்கிறது என்பது அவர்கள் சொன்ன விற்பனைப் பேச்சு. மவுண்டிங்கின் இருப்பிடத்தையும் ரப்பரின் மென்மையையும் கணக்குப் போட்டு, இன்ஜின் எந்த அச்சில் தானாக உருள விரும்புகிறதோ அந்த அச்சிலேயே உருளவிட்டார்கள். பிரான்ஸின் சிட்ரோயன் இதற்கு உரிமம் வாங்கி 1932இல் தன் கார்களில் போட்டு, அதைக் காட்டிக்கொள்ளத் தன் முத்திரையில் நீந்தும் அன்னப் பறவை ஒன்றையே சேர்த்துக்கொண்டது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மண்ணிலிருந்து எழுதுகிறேன் என்பதால் இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் குஷி. கஞ்சத்தனத்துக்கு யாராவது உரிமம் வாங்கிப் பறவை போட்டுக் கொண்டாடுவார்களா?

பிறகு, தம் துருப்புச் சீட்டாக அமெரிக்காவை இறக்குகிறார். ஜெனரல் மோட்டார்ஸின் ரப்பர் மவுண்டிங் அறுந்து இன்ஜின் எழும்பி, 1971இல் 66 லட்சத்துக்கும் அதிகமான ஷெவர்லே வண்டிகளைத் திரும்ப அழைத்தார்களே, ரப்பரின் யோக்கியதை இதுதானே என்கிறார். சம்பவம் உண்மை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் ஒரு பக்கம் தூக்கும்; இடப்பக்க ரப்பர் இரும்பிலிருந்து பிய்ந்தால் இன்ஜின் எழும்பி ஆக்ஸிலரேட்டர் இணைப்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்; வண்டி தானாக ஓடும். பயங்கரம்தான். ஆனால் திரும்ப அழைத்த வண்டிகளுக்கு என்ன செய்தார்கள்? அதைச் சொல்லாமல் பத்தியை முடித்துவிட்டார். ரப்பரைத் தூக்கி எறிந்து நைலான் வைத்தார்களா? இரும்போடு இரும்பைப் பற்றவைத்தார்களா? இன்ஜின் ஓர் அளவுக்கு மேல் எழும்பாதபடி ஒரு கம்பி வடத்தைக் கட்டிவிட்டார்கள். ரப்பர் ரப்பராகவே இருந்தது. பின்னால் வந்த மவுண்டிங்குகளில், ரப்பர் அறுந்தாலும் இரண்டு இரும்புத் தகடுகளும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்படி செய்தார்கள். தம் கட்சிக்காக அவர் அழைத்த சாட்சி, எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது.

இந்தத் தூக்கும் விசையை நம் வண்டிக்கே கணக்கிடலாம். பழைய டீசல் இன்ஜின் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு தருகிறது, முதல் கியர் விகிதம் நாலுக்கு ஒன்று என்று வையுங்கள். பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டு என்பதால், 400 நியூட்டன் மீட்டர் அந்தக் கட்டையே எதிர்த்திசையில் உருட்டப் பார்க்கும். முன் மவுண்டிங்குகள் அரை மீட்டர் இடைவெளியில் இருந்தால், இடப்பக்கத்தை ஏறக்குறைய 80 கிலோ மேலே இழுக்கும். வலப்பக்கத்தை அதே 80 கிலோ கீழே அழுத்தும். இன்ஜின் கட்டு மொத்தம் 200 கிலோ, மூன்று இடத்தில் தாங்குகிறது என்றால் இடப்பக்கத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் எடை 70 கிலோவுக்குப் பக்கம். ஆக, முதல் கியரில் முழு மிதி மிதித்தால் அந்த ரப்பர் அமுங்குவதை விட்டுவிட்டு இழுபடத் தொடங்குகிறது. ரப்பருக்கு அமுக்கம் பிடிக்கும், பக்கவாட்டுச் சறுக்கல் பிடிக்கும், இழுவை பிடிக்காது. எனவே மவுண்டிங்கைச் சாய்த்து வைக்க வேண்டும், கவ்விப் பிடிக்கும் தடுப்பு இருக்க வேண்டும். பேச வேண்டியது இந்த விஷயம். எந்தக் கோணம், எங்கே தடுப்பு, பிராக்கெட் எத்தனை கனம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் கட்டுரை பத்துப் பேருக்குப் பயன்பட்டிருக்கும். அவர் எழுதியது கெட்டிக்குப் பாட்டு.

அவர் காட்டும் பந்தய வண்டி உதாரணத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. லோட்டஸ் 49இல் காஸ்வொர்த் இன்ஜினை நேராகக் கூட்டோடு போல்ட் போட்டார்கள், 1967இல் முதல் பந்தயத்திலேயே வென்றது, சரி. அங்கே இன்ஜின்தான் வண்டியின் பின்பாதி. பின் சஸ்பென்ஷனே அதில்தான் தொங்குகிறது. பந்தயத்துக்குப் பந்தயம் பிரித்துப் பார்க்க ஆள்படை உண்டு. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டத் தயார் செய்கிறவர் பியூ போடட்டும், நான் தடுக்கவில்லை. சோரியாங்குப்பத்தில் நெல் விலை கேட்டுவிட்டு வருகிறவருக்கு அது எதற்கு?

ரப்பரில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. டீசலும் இன்ஜின் ஆயிலும் சொட்டினால் ஊறிப் பருத்து நொய்ந்துவிடும். வெப்பமும் ஆகாது, சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் மறைப்புத் தகடு இல்லாமல் வைத்தால் வெடித்துக் கல்லாகும். இதையெல்லாம் அவர் எழுதியிருப்பது சரி. ஆனால் இதற்கு மருந்து ரப்பர் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. எண்ணெய் படும் இடத்துக்கு நியோப்ரீன் தாங்கும். ஈபிடிஎம் வெப்பத்துக்கு நல்லது, எண்ணெய்க்குக் கெட்டது. கடையில் கறுப்பாக இருப்பதெல்லாம் ஒன்று என்று வாங்கினால் மாட்டிக்கொள்வோம். உதறலை விழுங்கி, கிழிசலைத் தாங்கி, ஆண்டுக்கணக்கில் உழைப்பதில் இயற்கை ரப்பரை அடிக்க இன்றும் சுலபமாக ஆள் இல்லை. இழுபடும்போது அதன் உள்கட்டு இறுகிக் கிழிசலைத் தடுத்து நிறுத்தும். எண்ணெய்க் கசிவை அடைத்துவிட்டு, ஒரு தகட்டை மறைப்பாக வைத்தால் அதுவே போதும். ஆயில் சொட்டுகிறது என்பதற்காக ரப்பரை மாற்றுவதைவிட ஆயில் சீலை மாற்றுவது மலிவு.

பியூ விஷயத்தில் அவர் விழுங்கிவிட்ட இன்னொரு செய்தி: அதில் இரண்டு வகை உண்டு. பாலியெஸ்டர் வகை வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் நாளடைவில் சிதைந்து உதிரும். பாலியீதர் வகை ஈரத்தைத் தாங்கும். மஞ்சளும் சிவப்புமாக வரும் மலிவுச் சரக்கில் எது எந்த வகை என்று யாரும் அச்சடிப்பதில்லை. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லாமல் பியூவை விற்பது, நல்ல வார்த்தையில் சொன்னால், அவசரம்.

இத்தனைக்கும் குருவிநத்தத்து வண்டிக்கு இந்த வாதமே தேவைப்பட்டிருக்காது. அதே இசுசு 2 லிட்டர் டீசலை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே அம்பாசடரில் வைத்து 2000 டிஎஸ்இசட் என்று விற்றது. 1.8 லிட்டர் இசுசு பெட்ரோலை 1800 ஐஎஸ்இசட்டில் வைத்து விற்றது. உத்தர்பாரா ஆலை 2014இல் மூடியது; ஆனால் உடைக்கப் போன வண்டிகளின் பிராக்கெட்டும் ரப்பரும் பழைய சாமான் கடைகளில் தேடினால் கிடைக்கும். பழைய வண்டிக்குப் புது இன்ஜின் ஏற்றும் இந்த வேலையைக் கம்பெனியே செய்து, கோணம் பார்த்து, ரப்பர் தேர்ந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அதை எடுத்துப் பார்க்காமல் லேத்துக்கு ஓடியது எந்த ஊர் நியாயம்? அந்தப் பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம்.

போகிற போக்கில் ஒன்று. 50 வயது கடந்த வண்டிகளுக்கு 2021 ஜூலையில் வந்த வின்டேஜ் பதிவு விதி, இன்ஜினும் பாடியும் பெரிய மாற்றமில்லாமல் மூலத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுப் புத்தக விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. இன்ஜின் மாற்றச் சொல்லி நாலு பக்கம் எழுதுகிறவர் இதற்கு அரைப் பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

கட்டுரையாளர் மறுமொழி எழுதினால் எனக்கு மகிழ்ச்சியே. எழுதும்போது 'கெட்டி', 'உறுதி', 'அசையாது' என்ற சொற்களை ஓரமாக வைத்துவிட்டு, அவர் பரிந்துரைக்கும் மவுண்டிங் இன்ஜின் எடையில் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்ற ஓர் எண்ணை மட்டும் எழுதட்டும். மற்றதை வாசகர்களே வகுத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

அவர் பேச்சைக் கேட்டு ஏற்கெனவே நைலானோ இரும்போ வைத்து ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே பானட்டைத் திறந்து, பிராக்கெட் வெல்டின் இரண்டு ஓரங்களையும் டீசல் துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு தெரிந்து, அதில் நகம் மாட்டினால், வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்.